நீலகிரித் தைலம்: மூக்கு திறக்கிறதா, திறந்ததுபோல் தோன்றுகிறதா?

நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க வரும் குடும்பத்தினரின் பையில் சில பொருள்கள் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். வெந்நீர் பிளாஸ்க், டம்ளர், துண்டு, போர்வை, இவற்றினிடையே ஒரு சிறிய தைலப் புட்டி. மூக்கடைத்தால் இரண்டு சொட்டு, தலை வலித்தால் இரண்டு சொட்டு, பேருந்தில் குமட்டினால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு என்று தலைமுறைகளாக நம் வீடுகளில் பழகிவிட்ட பொருள் அது. அண்மைக் காலத்தில் அதே எண்ணெய் 'நறுமண சிகிச்சை' என்ற பெயரில், டிஃப்யூசர் கருவிகளோடும் அழகிய பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டிகளோடும், சற்றே உயர்ந்த விலையில் மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறது. புட்டி எதுவாயினும் உள்ளிருப்பது பெரும்பாலும் ஒன்றே.

அந்த எண்ணெய் நம் உடலில் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை, எப்போது தீங்காக மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, வலிப்பு நோய் உள்ளவரோ, ஆஸ்துமா நோயாளியோ இருப்பின் இதனை இறுதிவரை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மலைக்கு வந்த மரம்

பெயரில் நீலகிரி இருந்தாலும் இத்தைலத்தைத் தரும் மரத்தின் தாயகம் அதுவன்று. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியும் அதற்குத் தெற்கேயுள்ள டாஸ்மானியத் தீவுமே யூக்கலிப்டஸ் குளோபுலஸ் என்னும் இம்மரத்தின் பிறப்பிடம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் யூக்கலிப்டஸ் இலைகளைக் காய்ச்சலுக்கும் காயங்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். இலையிலிருந்து எண்ணெயை வடித்து, அதனை வணிகப் பொருளாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளுநர். 1850களின் முற்பகுதியில் மெல்போர்ன் நகருக்கு அருகே அவருடைய வடிசாலை தொடங்கியது.

நீலகிரிக்கு இம்மரம் 1843ஆம் ஆண்டு வந்தது. கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி கொண்டுவந்து நட்டார் என்பது பதிவு. மருந்துக்காக அன்று, விறகுக்காகவே பின்னர் அது பெருமளவில் பயிரிடப்பட்டது. உதகையில் குடியேறியவர்களின் அடுப்புகளும் கணப்புகளும் சோலைக் காடுகளைத் தின்றுகொண்டிருந்தன. விரைவில் வளரும் மரம் ஒன்று வேண்டியிருந்தது. தைலம் காய்ச்சுவது அதன்பின் வந்த தொழில். (அம்மரம் மலையின் புல்வெளிகளையும் நீர்வளத்தையும் என்ன செய்தது என்பது வேறொரு நீண்ட கதை.)

இவ்வரலாற்றை ஒரு மருத்துவமனை இதழில் கூறுவதற்குக் காரணம் உண்டு. 'இது பாட்டி காலத்து மருந்து; எனவே கெடுதல் செய்யாது' என்று பலரும் நம்புகின்றனர். 1843க்கு முன்னர் நீலகிரியில் இல்லாத மரம் நம் பழைய சித்த மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்க இயலாது. வேது பிடித்தல், அதாவது இலைகளைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கும் முறை, நம்மிடம் பழையது. நொச்சியும் துளசியும் மஞ்சளும் இட்ட பானையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் கிராமங்களில் உண்டு. யூக்கலிப்டஸ் இலை அந்தப் பழைய பானைக்குள் பிற்காலத்தில் வந்து சேர்ந்த புதிய இலை. புட்டியில் அடைத்த தைலமோ அந்த இலையினும் முற்றிலும் வேறான பொருள்.

எப்படி வேறு என்பதைத் தைலம் காய்ச்சும் முறையிலிருந்தே அறியலாம். நீலகிரியில் இலைகளைத் திரட்டி, பெரிய கொப்பரையில் நீருடன் இட்டு, அடியில் தீ மூட்டுவர். எழும் நீராவி இலையிலுள்ள எண்ணெயையும் ஏந்திக்கொண்டு குழாய்வழியே சென்று, குளிர்ந்து மீண்டும் நீராகிறது. நீரின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுத்துக்கொள்கின்றனர். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். இதனைத் திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு தேக்கரண்டித் தைலம் என்பது கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ இலைவரையிலான சாரம். எந்தப் பாட்டியும் வேது பிடிக்கும் பானையில் அரைக் கிலோ இலையை இட்டு, அந்த நீரைப் பேரனுக்குக் குடிக்கக் கொடுத்ததில்லை.

இவ்விலையை உண்டே வாழும் கோலா என்ற ஆஸ்திரேலிய விலங்கைப் பற்றிக் குழந்தைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். இலையிலுள்ள நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் தனித்திறன் பெற்ற கல்லீரல் அதற்கு வாய்த்திருக்கிறது. நம் கல்லீரல் அத்தகையதன்று.

மணம் நோயை விரட்டும் என்ற நம்பிக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரத்திற்கு உலகெங்கும் பெரும் புகழ் இருந்தது. இத்தாலியிலும் அல்ஜீரியாவிலும் சதுப்புநிலங்களில் இதனை வரிசை வரிசையாக நட்டனர். 'காய்ச்சல் மரம்' என்றே அழைத்தனர். கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்பது அக்காலக் கருத்து. இத்தாலிய மொழியில் மலேரியா என்ற சொல்லின் பொருளே 'கெட்ட காற்று' என்பதுதான். கெட்ட நாற்றம் நோயைத் தருமெனில், நல்ல மணம் நோயை விரட்டத்தானே வேண்டும் என்று எண்ணினர். சில இடங்களில் காய்ச்சல் குறையவும் செய்தது. ஆனால் குறைத்தது மணம் அன்று. பெருமளவு நீரை உறிஞ்சும் அம்மரங்கள் சதுப்புநிலத்தை உலரச் செய்தன. கொசு முட்டையிட நீர் குறைந்தது. மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த பின்னரே இக்குழப்பம் தெளிந்தது.

நூற்றாண்டு கடந்தும் அந்தப் பழைய எண்ணம் நம்மிடம் முற்றிலும் மறையவில்லை. காரமான மணம் மூக்கில் ஏறி, நெஞ்சு குளிர்ந்தவுடன் 'மருந்து வேலை செய்கிறது' என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. உண்மையில் அப்போது என்ன நிகழ்கிறது?

தைலத்தின் முதன்மைப் பொருளுக்குச் சினியோல் என்று பெயர். பிரெஞ்சு வேதியியலாளர் க்ளோயே 1870இல் அதனை இனங்கண்டு யூக்கலிப்டால் என்று பெயரிட்டார். மருந்துத் தரமுள்ள நீலகிரித் தைலத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் சினியோல் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துநூலின் விதி. நம் மூக்கின் உட்புறத்திலும் தோலிலும் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. புதினாவிலுள்ள மென்தாலைப் போலவே சினியோலும் அந்த முனைகளைத் தூண்டுகிறது. உள்ளே செல்லும் காற்று குளிர்ந்திருப்பதாக மூளைக்குச் செய்தி போகிறது. மூக்கில் காற்று தாராளமாக ஓடும்போதுதான் இயல்பாகக் குளிர்ச்சி தோன்றும். ஆகவே காற்று தாராளமாக ஓடுகிறது என்று மூளை பொருள் கொள்கிறது.

பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 1983இல் இதனை அளந்தே பார்த்தனர். கற்பூரம், யூக்கலிப்டஸ், மென்தால் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்தவர்களின் மூக்கில் காற்றோட்டத்திற்கு இருக்கும் தடையைக் கருவியால் கணக்கிட்டனர். முகர்ந்தவர்கள் குளிர்ச்சியையும் காற்றோட்டம் கூடியதையும் உணர்ந்தனர். கருவி காட்டிய தடையோ குறையவில்லை. மூக்கு திறக்கவில்லை, திறந்ததுபோல் தோன்றியது.

இதனால் அந்த உணர்வு பொய், பயனற்றது என்று நாம் கூறவில்லை. மூக்கடைப்பால் உறக்கமின்றிப் புரளும் ஒருவருக்கு இதமான உணர்வே அவ்விரவில் வேண்டியதாக இருக்கலாம். சளிக்காய்ச்சல் தானாகவே சில நாளில் அடங்கும் நோய். அதுவரை சற்று ஆறுதலாக இருப்பதில் பிழையில்லை. தென்கொரியாவில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 52 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றும் இதையொட்டியதே. உடற்பயிற்சியின்போது மூன்று நாள் யூக்கலிப்டஸ் மணத்தை முகர்ந்தவர்கள், வாதுமை எண்ணெயை முகர்ந்தவர்களைவிட வலி குறைவாக இருப்பதாகக் கூறினர். ஆனால் உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் இரு குழுவினருக்கும் வேறுபாடு இல்லை. மேலும், மணத்தை ஒளித்துவைத்து ஆய்வு செய்ய இயலாது. எது தைலம் என்று முகர்பவருக்குத் தெரிந்துவிடும். நறுமண சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலானவற்றின் குறைபாடும் இதுவே.

சினியோலைத் தூய மருந்தாகப் பிரித்தெடுத்து, அளவிட்ட உறைகளில் அடைத்து, மூச்சுக்குழல் அழற்சிக்கும் சைனஸ் அழற்சிக்கும் ஜெர்மனியில் வழங்குகின்றனர். அதற்கு ஆய்வுச் சான்றுகளும் உள்ளன. அங்கே ஓர் உறையில் இருப்பது 100 அல்லது 200 மில்லிகிராம். அது குடலில் கரையும்படி செய்யப்பட்டது. அதனைச் சான்றாகக் காட்டிப் புட்டித் தைலத்தை விழுங்குவது பெருந்தவறு.

ஆறுதல் ஏமாற்றும் இடங்கள்

திறந்ததுபோல் தோன்றுவதற்கும் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு, சளிக்காய்ச்சலில் பொருட்டன்று. ஆனால் மூச்சுத்திணறலில் அதுவே உயிர்ப்பிரச்சினை ஆகிவிடுகிறது.

ஆஸ்துமாவில் சுருங்குவது மூக்கன்று. நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள். தைலத்தின் மணம் அவற்றை விரிக்காது. சிலருக்குக் காரமான மணமே மூச்சிரைப்பைத் தூண்டிவிடும். நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, 'சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்' என்று கழியும் அரை மணி நேரம், இன்ஹேலரோ நெபுலைசரோ கொடுத்திருக்க வேண்டிய அரை மணி நேரம். இதய பலவீனத்தால் நுரையீரலில் நீர் கோத்து இரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்காரும் முதியவருக்கும் இதுவே பொருந்தும். அதனைச் சளி என்று கருதித் தைலம் பூசிப் படுக்கவைப்பது ஆபத்து.

குழந்தைகளைப் பொறுத்தவரை நிமோனியாவைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தைலம் பூசியபின் குழந்தை அமைதியாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து நலமடைந்ததாகக் கொள்ளலாகாது. களைத்துப்போன குழந்தையும் அமைதியாகத்தான் இருக்கும்.

வாய்க்குள் செல்லும்போது

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வீட்டார் அனைவருக்கும் படித்துக்காட்டலாம் எனில் அது இதுவே.

நீலகிரித் தைலத்தை விழுங்கினால் அது நஞ்சு. இரண்டு, மூன்று மில்லிலிட்டர் விழுங்கிய சிறு குழந்தைகள் மயக்கநிலைக்குச் சென்றிருக்கின்றனர். 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, கடும் நச்சுத்தன்மையை உண்டாக்கப் போதுமானது. விழுங்கிய குழந்தை அனைத்துக்கும் ஒரேபோல் நேர்வதில்லை. சில குழந்தைகள் எந்த அறிகுறியும் இன்றித் தப்பிவிடுவதும் உண்டு. எந்தக் குழந்தை தப்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

இது பெரும்பாலும் இரு வழிகளில் நேர்கிறது. தவழும், நடைபயிலும் பருவத்துக் குழந்தை தரையிலோ தலையணை அருகிலோ இருக்கும் புட்டியைத் திறந்து வாயில் வைத்துவிடுவது ஒன்று. மற்றொன்று பெரியவர்கள் கையாலேயே நேர்வது. இருமல் மருந்தும், சொட்டு மருந்தும், தைலமும் ஒரே அலமாரியில், ஏறத்தாழ ஒரே அளவுள்ள புட்டிகளில் இருக்கின்றன. இரவில் குழந்தை இருமுகிறது. விளக்கைப் போட்டால் மற்றவர் விழித்துவிடுவார்களே என்று இருட்டில் கை நீள்கிறது. கரண்டியில் ஊற்றியது எது என்பது குழந்தை அலறியபின் தெரிகிறது. 'நெஞ்சுச்சளி கரையும்' என்று தேனில் இரண்டு சொட்டுக் கலந்து நாவில் தடவும் வழக்கமும் சில வீடுகளில் உள்ளது. அதனை இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

அறிகுறிகள் பெரும்பாலும் அரை மணிக்குள் தொடங்கும். சிலரில் நான்கு மணிநேரம்வரை தாமதமாகலாம். வாயிலும் தொண்டையிலும் எரிச்சல், வாந்தி, இருமல், மூச்சில் தைல மணம் ஆகியவை முதலில் தெரியும். பின்னர் குழந்தை தள்ளாடும், தூங்கி வழியும், அழைத்தால் விழிக்காது. வலிப்பு வரலாம், மூச்சு தளர்ந்துபோகலாம். எனவே, 'விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம்.

வாந்தி எடுக்கவைக்க ஒருபோதும் முயலாதீர்கள். உப்புக் கரைசல் கொடுப்பதும் தொண்டையில் விரல் விடுவதும் கூடாது. தைலம் வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் புகுந்தால் அங்கே கடும் அழற்சியை உண்டாக்கும். பாலும் எண்ணெயும் முறிமருந்து அல்ல. அவற்றையும் கொடுக்க வேண்டாம். வாயைத் துடைத்துவிட்டு, உடைகளில் சிந்தியிருந்தால் களைந்துவிட்டு, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். புட்டியில் எவ்வளவு இருந்தது, எப்போது விழுங்கியது என்ற இரண்டு விவரங்களும் மருத்துவருக்கு மிகவும் உதவும். இந்நஞ்சுக்கெனத் தனி முறிமருந்து கிடையாது. மூச்சையும் வலிப்பையும் கவனித்துக் காப்பதே சிகிச்சை. அதனால்தான் மருத்துவமனைக்கு விரைவில் வந்துசேர்வது இவ்வளவு முக்கியம்.

வழியில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அதனைத் தேடும் நேரந்தான் வீணாகும்.

கைக்குழந்தையும் வலிப்பு நோயாளியும்

விழுங்காமல் முகர்வதே சிலருக்குத் தீங்கு. இரண்டரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூக்கருகே சினியோல் கலந்த பொருள்களைப் பயன்படுத்தலாகாது என்று ஐரோப்பிய மருந்து முகமை அறிவுறுத்துகிறது. காரமான ஆவி பட்டவுடன் குழந்தையின் குரல்வளை தன்னிச்சையாக இறுகிக்கொள்ளலாம், மூச்சு நின்றுபோகலாம். தேங்காயெண்ணெயில் தைலம் கலந்து குழந்தையின் மூக்கில் விடுவது இரட்டைக் கேடு. தைலம் குரல்வளையைத் தாக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, நாட்பட்ட நிமோனியாவை உண்டாக்கும். குழந்தையைக் குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் ஏன் அவ்வளவு கண்டிக்கிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம். மூக்கடைத்த பச்சிளங்குழந்தைக்கு மருத்துவர் எழுதித்தரும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும்.

கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் முடிந்து குழந்தையின் கழுத்தில் கட்டுவதும் இவ்வகையினதே. கற்பூரம் வலிப்பைத் தூண்டவல்ல பொருள். குழந்தை அம்முடிச்சைச் சப்பிக்கொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை.

பெரியவர்களிடமும் இத்தொடர்பு உண்டு. யூக்கலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் கலந்த தைலங்களையும் களிம்புகளையும் மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுக்கு வலிப்பு ஏற்பட்டதைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களே ஆய்விதழ்களில் பதிவுசெய்திருக்கின்றனர். அவர்களுள் முன்பு வலிப்பே வராதவர்களும் இருந்தனர். ஏற்கனவே வலிப்பு நோய் உள்ளவர் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டும் வலிப்பு திரும்பத் திரும்ப வருகிறதெனில், நாள்தோறும் நெற்றியில் பூசும் தலைவலித் தைலத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கூற வேண்டும். 'அது வெறும் தைலந்தானே' என்று பலரும் விட்டுவிடுகின்றனர். மருந்துப் பட்டியலைக் கேட்டு எழுதும்போது நாங்களும் அதைப் பற்றிக் கேட்கத் தவறிவிடக்கூடும். நீங்களே முன்வந்து கூறுங்கள்.

பயன்படுத்த விரும்புவோருக்கு

மேற்கண்ட நிலைகளில் இல்லாத, உடல்நலமுள்ள பெரியவர்கள் சளியின்போது தைலத்தை முகர்வதில் தடையில்லை. மிக எளிய வழியே மிகவும் பாதுகாப்பான வழியும் ஆகும். கைக்குட்டையில் ஓரிரு சொட்டு விட்டு, மூக்கிலிருந்து சற்றே தள்ளி வைத்து முகர்ந்தால் போதும். அப்போது கிடைக்கும் ஆறுதலுக்கும் பானை நிறைய வெந்நீர் வைத்து ஆவி பிடிப்பதால் கிடைக்கும் ஆறுதலுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆவி பிடிப்பதால் சளிக்காய்ச்சல் விரைவில் குணமாவதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவது மட்டும் உறுதியாக நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுள் குழந்தைகளே மிகுதி. கொரோனாக் காலத்தில் ஆவி பிடிக்கப்போய்த் தீப்புண் சிகிச்சைக்கு வந்தவர்கள் பலர். எனவே குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். பெரியவர்கள் பிடிப்பதாயின், அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை மடியில் வைத்துக்கொள்ளாமல், அசையாத மேசையின் மீது வைத்து, கண்களை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டும். தைலம் எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் எரியும் அடுப்பின் அருகே அதனை ஊற்றலாகாது. வெந்நீர் மேலே கொட்டிவிட்டால் இருபது நிமிடம் குழாய்நீரை அந்த இடத்தின் மீது ஓடவிடுங்கள். பற்பசை, மை, நெய் எதையும் பூசாதீர்கள்.

தோலில் தேய்ப்பதற்குத் தைலத்தை அப்படியே பயன்படுத்தினால் எரிச்சலும் சிவப்பும் வரலாம். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ இரண்டு சொட்டு என்ற அளவு போதுமானது. புண், வெடிப்பு, கண், மூக்கின் உட்புறம் ஆகிய இடங்களில் படலாகாது. பூசியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தைலம் பட்ட கையால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதும் அதன் முகத்தில் பூசுவதும் ஒன்றே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்துவது நலம். நெஞ்சில் பூசிய தைலம் பால்குடிக்கும் குழந்தையின் மூக்கருகே இருக்கும் என்பதை மறக்கலாகாது.

டிஃப்யூசர் பயன்படுத்துவோர் அறையின் சன்னலைத் திறந்து வைத்து, சிறிது நேரம் மட்டும் இயக்கி நிறுத்திவிட வேண்டும். இரவு முழுதும், குழந்தை உறங்கும் மூடிய ஏசி அறையில் ஓடவிடுவது கூடாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எலுமிச்சை மணமுள்ள யூக்கலிப்டஸ் எண்ணெய் வேறு மரத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் சினியோலைவிட சிட்ரோனெல்லால் என்ற பொருளே மிகுதி. கொசு விரட்டுவதற்காக வாங்கியதைச் சளிக்கு முகர்வதும், சளிக்கு வாங்கியதைக் கொசுவுக்குப் பூசுவதும் நடக்கின்றன. மலைச் சுற்றுலாவில் வர்க்கியோடும் தேயிலையோடும் வாங்கிவரும் புட்டிகளில் உள்ளே எவ்வளவு என்ன இருக்கிறது என்ற விவரமே சிலவற்றில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. விவரம் இல்லாத புட்டியை மருந்தாகக் கருத வேண்டாம்.

வார்டில் இருக்கும்போது

ஆக்ஸிஜன் பெற்றுக்கொண்டிருக்கும் நோயாளியின் முகத்திலோ மூக்கிலோ தைலமோ எண்ணெய்க் களிம்போ பூசலாகாது. ஆக்ஸிஜன் மிகுந்த இடத்தில் தீ மிக விரைவாகப் பற்றும். வீட்டில் ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். மூக்கு உலர்ந்து எரிந்தால் செவிலியரிடம் கூறுங்கள். நீரில் கரையும் களிம்பு தருவார்கள்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோருக்கு மணங்களே பகையாகிவிடுவதுண்டு. முன்பு விரும்பிய மணம் இப்போது குமட்டலைத் தரலாம். அவருக்கு நல்லது செய்வதாக எண்ணித் தலையணையில் தைலம் தெளிக்கும் முன் அவரையே கேட்டுவிடுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் ஆஸ்துமா நோயாளியாகவும் இருக்கலாம். பொது வார்டில் தைலம், ஊதுபத்தி, டிஃப்யூசர் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு செவிலியர் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் நெஞ்சிலும் வயிற்றிலும் தைலம் பூசியிருந்தால் அதனைச் சொல்லிவிடுங்கள். தோலில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஈ.சி.ஜி. ஒட்டுகள் சரியாக ஒட்டா. தோலைத் தூய்மை செய்யும் பணியும் தடைபடும்.

வீட்டுக்குத் திரும்பியதும் தைலப் புட்டியை இருமல் மருந்து இருக்கும் அலமாரியிலிருந்து எடுத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய வேறிடத்தில் வையுங்கள். சொட்டுச் சொட்டாக மட்டுமே விழும் அடைப்புள்ள புட்டியாக இருப்பின் மேலும் நல்லது. புட்டியின் மீது 'குடிக்கக் கூடாது' என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கண்பார்வை மங்கிய தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில், மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டிவைத்தால் இருட்டிலும் விரல் அதனை அடையாளம் கண்டுகொள்ளும்.